ஜான் எஃப். கென்னடிக்கு முன்பே அதிபர் கனவு சுமந்தவர்... 1944-ல் நடுவானில் மறைந்த அண்ணன் ஜோ கென்னடி யார்?

அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியைத் தெரியாதவர்கள் குறைவு. 1963 நவம்பர் 22, டல்லாஸ், திறந்த கார், துப்பாக்கிச் சூடு... அந்த வீடியோவை ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. சொல்லப்போனால், அந்த வீட்டில் அதிபர் நாற்காலிக்காக வளர்க்கப்பட்ட பிள்ளை ஜான் இல்லை. அந்த அண்ணன்தான்.

பெயர் ஜோசப் பேட்ரிக் கென்னடி ஜூனியர். வீட்டில் ஜோ. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆகஸ்ட் 12 மாலை, இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் அவர் ஓட்டிப் போன குண்டுவீச்சு விமானம் வானத்திலேயே வெடித்துச் சிதறியது. விமானத்தில் அவரோடு இருந்தவர் ஒரே ஒருவர். இரண்டு பேரின் உடலும் கடைசி வரை கிடைக்கவில்லை. ஜோவுக்கு அப்போது வயது 29.

அவர்கள் எந்த இடத்தை அழிக்கப் போனார்களோ, அந்த இடம் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. அது அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கதைக்கு வருவோம்.

தலைச்சன் பிள்ளை

1915 ஜூலை 25, மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஹல் என்ற கடலோர ஊர். கென்னடி தம்பதியின் ஒன்பது பிள்ளைகளில் முதல் பிள்ளையாக ஜோ பிறந்தார். அப்பா ஜோசப் கென்னடி வங்கி, பங்குச்சந்தை, சினிமா என்று பணம் குவித்துக்கொண்டிருந்தவர். அம்மா ரோஸின் அப்பா, பாஸ்டன் நகரத்தின் முன்னாள் மேயர். பேரன் பிறந்ததுமே, இவன் ஒருநாள் அமெரிக்க அதிபராவான் என்று தாத்தா நிருபர்களிடம் சொல்லிவிட்டார். தாத்தாக்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான். ஆனால் இந்த வீட்டில் அதை விளையாட்டாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா அதை ஒரு திட்டமாகவே வைத்திருந்தார்.

ஜோவுக்கு இரண்டு வயது இளையவர் ஜான். அண்ணன் திடகாத்திரம், படிப்பிலும் விளையாட்டிலும் முன்னால் நிற்பவர். தம்பி நோஞ்சான், வருஷத்தில் பாதி நாள் படுக்கை. ரெண்டு பேருக்கும் எப்போதும் போட்டி. ஒருமுறை இருவரும் சைக்கிளை எதிரெதிராக ஓட்டி வந்திருக்கிறார்கள். யார் முதலில் விலகுவது என்பதுதான் பந்தயம். ரெண்டு பேருமே விலகவில்லை. அண்ணனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, தம்பிக்கு 28 தையல்.

அப்பா அதிகமும் வெளியூர். அதனால் தம்பி தங்கைகளுக்கு நீச்சல், படகு, பந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தது ஜோதான். குட்டித் தகப்பன் மாதிரி. கோபக்காரரும்கூட.

பள்ளி முடித்ததும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ஒரு வருடம். அங்கே பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். நம் வி.கே. கிருஷ்ண மேனனுக்கும் கே.ஆர். நாராயணனுக்கும் ஆசிரியராக இருந்தவர் இதே லாஸ்கி. பக்கா இடதுசாரி. அமெரிக்காவின் பெரும் பணக்காரர் ஒருவர் தன் மகனை அவரிடம் படிக்க அனுப்பியது கொஞ்சம் ஆச்சரியம்தான். எதிராளி எப்படி யோசிக்கிறான் என்று பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு.

பிறகு ஹார்வர்டில் பட்டம், 1938-ல் முடித்தார். அடுத்து அங்கேயே சட்டப் படிப்பு.

மறைக்கக்கூடாத ஒரு பக்கம்

போரில் இறந்தவர் என்பதால் எல்லாவற்றையும் பூசி மெழுகத் தேவையில்லை. 1934-ல், 18 வயதில், ஜோ ஜெர்மனிக்குப் போனார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அங்கிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் நாஜிகளின் நடவடிக்கைகளை நியாயப்படுத்தினார், யூதர்கள் மீதான வெறுப்பு உட்பட. கட்டாயக் கருத்தடைச் சட்டத்தையும் பாராட்டினார். இன்றைக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிப் படிக்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

1938-ல் அப்பா பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதரானார். ஹிட்லரோடு சமாதானமாகப் போய்விடலாம், அமெரிக்கா இந்தச் சண்டைக்குள் வரக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. ஜெர்மனி லண்டன் மீது குண்டு போட ஆரம்பித்த பிறகும் அதையே பேசியதால், 1940 முடிவில் பதவியை விட்டு விலகும்படி ஆனது. கென்னடி என்றால் கோழை என்று பிரிட்டனில் பேச்சு வந்தது.

மகனும் அதே கட்சிதான். ஹார்வர்டில் போருக்கு எதிரான மாணவர் குழுவில் முன்னால் நின்றவர். 1940 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரதிநிதியாகப் போய், மூன்றாவது முறை போட்டியிட்ட ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டுப்போட மறுத்து ஜேம்ஸ் ஃபார்லிக்குப் போட்டார். 24 வயசுப் பையனுக்கு அது பெரிய துணிச்சல். மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தும் மசியவில்லை.

அப்படிப்பட்டவர், 1941 ஜூனில், சட்டப் படிப்பின் கடைசி வருடத்தை விட்டுவிட்டுக் கடற்படையில் விமானியாகப் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்க இன்னும் ஆறு மாதம் இருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

முந்திக்கொண்ட தம்பி

1942 மே மாதம் விமானி பேட்ஜ் கிடைத்தது. ஆனால் போர்முனைக்குப் போக இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தம்பி முந்திவிட்டார்.

1943 ஆகஸ்டில் பசிபிக் கடலில் ஜான் ஓட்டிய பி.டி.109 என்ற சிறிய ரோந்துப் படகை ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. காயம்பட்ட சக வீரரை இழுத்துக்கொண்டு ஜான் மணிக்கணக்கில் நீந்திக் கரை சேர்ந்தார். செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வந்தார். அடுத்த மாதம் அப்பாவின் பிறந்தநாள் விருந்து. விருந்தினர் ஒருவர் வாழ்த்துச் சொல்லும்போது அப்பாவை ஜானின் தந்தை என்று புகழ்ந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஜோவின் பெயர் வரவில்லை. அன்றிரவு அவர் படுக்கையில் அழுதார் என்று அதே வீட்டில் தங்கியிருந்த ஒருவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் தம்பியோடு பிறந்தவர்களுக்கு இது புரியும். பெருமையும் எரிச்சலும் ஒரே மூச்சில் வரும்.

அந்த மாதமே ஜோ இங்கிலாந்து போனார். டெவன் பகுதியில் டங்க்ஸ்வெல் விமானதளம். நான்கு என்ஜின் லிபரேட்டர் விமானத்தில் பிஸ்கே விரிகுடா மேலே ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறப்பதுதான் வேலை. கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் குளிரில், மேகத்தில், மணிக்கணக்காகக் கடலையே பார்த்துக்கொண்டு பறக்க வேண்டும். போனவர்கள் சில சமயம் திரும்ப மாட்டார்கள். சிக்னல் வராது, எண்ணெய்ப் படலம்கூடக் கடலில் தெரியாது. அவர் படைப்பிரிவிலேயே இப்படி முழுக் குழுக்கள் போயின.

நிர்ணயித்த 25 பறப்புகளையும் ஜோ முடித்தார். ஊருக்குத் திரும்பலாம். திரும்பவில்லை. தன் குழுவினரையும் பேசிச் சம்மதிக்க வைத்து, 1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கம் முடியும்வரை பறந்தார்.

இதற்கு நடுவில் குடும்பத்தில் ஒரு புயல். தங்கை கேத்லீன், புராட்டஸ்டன்ட் பிரபு குடும்பத்துப் பையன் ஒருவரைக் காதலித்தார். கத்தோலிக்கரான அம்மாவுக்கு அது பேரிடி. 1944 மே 6-ம் தேதி லண்டனில் நடந்த பதிவுத் திருமணத்துக்குக் கென்னடி குடும்பத்திலிருந்து வந்தவர் ஒரே ஒருத்தர், ஜோ. தங்கைக்குத் துணையாக நின்றார். முன்பு திட்டிய அண்ணனைப் பற்றி இப்படி ஒரு விஷயமும் சொல்லியாக வேண்டும்.

பறக்கும் வெடிகுண்டு: அந்த ரகசியத் திட்டம் என்ன?

ஜூலை கடைசியில், ஊருக்குப் போக மூட்டை கட்டிய நேரத்தில், ரகசிய வேலை ஒன்றுக்கு ஆள் கேட்டார்கள். ஜோ கை தூக்கினார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், இன்னும் கொஞ்ச நாள் தாமதமாகும், ஆபத்தாக ஒன்றும் இல்லை என்ற மாதிரி எழுதினார்.

ஆபத்து இருந்தது.

இன்றைக்கு ட்ரோன் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். 1944-ல் அமெரிக்கர்கள் முயற்சி செய்தது அதன் முரட்டுப் பாட்டனை. பழைய பெரிய குண்டுவீச்சு விமானத்தில் தேவையில்லாததை எல்லாம் கழற்றிப்போட்டு, உள்ளே வெடிமருந்தை அடைப்பார்கள். மூக்கில் ஒரு டி.வி. கேமரா. பின்னால் வரும் தாய் விமானத்தில் ஒருவர் திரையைப் பார்த்தபடி ரேடியோ மூலம் அதை ஓட்டி, இலக்கின் மேலேயே மோதவிடுவார். அமெரிக்க ராணுவ விமானப்படை இதற்கு வைத்த பெயர் அஃப்ரோடைட்டி. கடற்படையின் பிரிவுக்கு ஆன்வில் என்று பெயர்.

ஒரே ஒரு சிக்கல். ரிமோட்டால் விமானத்தை ஓடுதளத்திலிருந்து கிளப்ப முடியாது. அதற்கு மனிதன் வேண்டும். அதனால் இரண்டு பேர் ஏறி விமானத்தைக் கிளப்பி, 2,000 அடி உயரத்துக்குக் கொண்டுபோய், ரிமோட்டிடம் ஒப்படைத்து, வெடிமருந்தின் பாதுகாப்புப் பூட்டைத் திறந்துவிட்டு, கடலைத் தாண்டும் முன் பாராசூட்டில் குதித்துவிட வேண்டும். ஆளே இல்லாமல் மோதப்போகும் விமானத்துக்கும் ஆரம்பத்தில் ஆள் தேவை.

ஜோவின் விமானத்தில் ஏற்றப்பட்டது சுமார் 9,600 கிலோ டார்பெக்ஸ். டி.என்.டி.யைவிட வீரியமான வெடிமருந்து. 50 கிலோ சிமென்ட் மூட்டைக் கணக்கில் பார்த்தால் 190 மூட்டைக்கு மேல். அதன் நடுவில்தான் விமானிகள் உட்கார வேண்டும்.

ஆகஸ்ட் 4-ம் தேதி ராணுவம் அனுப்பிய இதே வகை விமானங்கள் எதுவும் உருப்படியாக இலக்கை அடிக்கவில்லை. ஒரு விமானி இறந்தும் போனார். ஜோவின் விமானத்திலோ வெடிக்கவைக்கும் மின் இணைப்பு சரியில்லை, சோதிக்க வேண்டும் என்று அங்கிருந்த மின்னணு அதிகாரி ஒருவரே கவலைப்பட்டிருக்கிறார். கேட்கப்படவில்லை.

1944 ஆகஸ்ட் 12: என்ன நடந்தது?

நார்ஃபோக்கில் உள்ள ஃபெர்ஸ்ஃபீல்டு தளம். மாலை 6 மணிக்குச் சற்று முன் விமானம் கிளம்பியது. ஓட்டியவர் ஜோ. துணை இருக்கையில் லெப்டினன்ட் வில்ஃபோர்டு ஜான் வில்லி, 35 வயது, மூன்று குழந்தைகளின் அப்பா. உண்மையில் அந்த இருக்கை வில்லியுடையது இல்லை. ஜோவுடன் வழக்கமாகப் பறக்கும் இளைய அதிகாரிதான் போக வேண்டும். வில்லி அந்தப் பிரிவின் மூத்த அதிகாரி. ரேடியோ கட்டுப்பாடு அவர் துறை. நானே போகிறேன் என்று பதவியைச் சொல்லி இடத்தை வாங்கிக்கொண்டார். இருக்கையை விட்டுக்கொடுத்த அந்த இளைஞர் உயிரோடு இருந்தார்.

கூடவே இரண்டு தாய் விமானங்கள், பாதுகாப்புக்குச் சண்டை விமானங்கள், பின்னால் படம் எடுக்க ஒரு மாஸ்கிட்டோ விமானம். எல்லாம் திட்டப்படி போனது. ரிமோட்டில் முதல் திருப்பத்தையும் விமானம் ஒழுங்காகத் திரும்பியது. பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாச்சு என்பதற்கான ரகசியச் சொல்லை ஜோ ரேடியோவில் சொன்னார். அவர் குரலை மற்றவர்கள் கேட்டது அதுதான் கடைசி.

சுமார் இரண்டு நிமிடம். 6.20 மணி. சஃபோக்கில் பிளைத்பர்க் கிராமத்தின் மேலே விமானம் வெடித்தது. அவர்கள் குதிக்க வேண்டிய இடம் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. பின்னால் வந்த மாஸ்கிட்டோ சிதறல்களில் அடிபட்டும் எப்படியோ தப்பித் தரையிறங்கியது. கீழே காட்டில் அங்கங்கே தீ, பல வீடுகளுக்குச் சேதம். தரையில் இருந்தவர்கள் யாரும் சாகவில்லை.

ஜோவும் வில்லியும்? தேட உடல் என்று ஒன்று மிஞ்சவில்லை.

ஏன் வெடித்தது? மின்கோளாறு, எங்கிருந்தோ வந்த ரேடியோ அலை, சூடேறிய பாதுகாப்பு ஸ்விட்ச் என்று பல காரணங்கள் அலசப்பட்டன. எதையும் நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்க வேண்டிய பொருள் எல்லாமே அந்த வெடிப்பில் போய்விட்டது.

ஞாயிறு மதியம் வந்த இரண்டு பாதிரியார்கள்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாசசூசெட்ஸில் ஹையானிஸ் போர்ட் கடலோர வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அப்பா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஜான் உட்பட பிள்ளைகள் பலர் வீட்டில். முதுகு சிகிச்சைக்காக கடற்படை மருத்துவமனையில் இருந்த ஜான் வார விடுமுறைக்கு வந்திருந்தார். இரண்டு பாதிரியார்கள் வாசலுக்கு வந்து, அப்பாவிடம் பேச வேண்டும் என்றார்கள். ஏதோ நன்கொடை விஷயம் என்றுதான் அம்மா ரோஸ் முதலில் நினைத்தார்.

செய்தி தெரிந்ததும் அப்பா கீழே வந்து பிள்ளைகளிடம் சொன்னார். படகுப் போட்டிக்குப் போக இருந்தவர்களைப் போகச் சொன்னார், ஜோவும் அதைத்தான் விரும்பியிருப்பான் என்று. பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜான் படகில் போகவில்லை. கடற்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தார்.

நாலு வாரம் கழித்து, கேத்லீனின் கணவர் பெல்ஜியத்தில் போரில் கொல்லப்பட்டார். கல்யாணம் ஆகி நாலே மாதம். 1948-ல் கேத்லீனும் பிரான்ஸில் விமான விபத்தில் இறந்தார்.

காலியாக இருந்த இலக்கு

இப்போது முதலில் சொன்ன விஷயம். ஜோவின் விமானம் மோத வேண்டிய இடம், வடக்கு பிரான்ஸில் மிமோயெக் என்ற சிற்றூர். அங்கே ஒரு குன்றைக் குடைந்து, சாய்வான சுரங்கங்களில் ராட்சதப் பீரங்கிகளை ஜெர்மானியர்கள் அமைத்துக்கொண்டிருந்தார்கள். வி-3 என்று பெயர். அங்கிருந்து சுமார் 165 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லண்டன் மேல் குண்டுமழை பொழிவது திட்டம். அடிமைத் தொழிலாளர்களை வைத்துக் கட்டினார்கள்.

1944 ஜூலை 6-ம் தேதி பிரிட்டனின் 617-வது படைப்பிரிவு, டால்பாய் எனப்படும் ராட்சத குண்டுகளை அந்தக் குன்றின் மேல் போட்டது. சுரங்கம் நொறுங்கியது. வேலை நின்றுபோனது. மேலிருந்து எடுக்கிற புகைப்படத்தில் பூமிக்கு அடியில் என்ன ஆனது என்று தெரியாதே! அதனால் நேச நாடுகள் அதை இன்னும் அபாயம் என்றே நினைத்தன. செப்டம்பர் 5-ம் தேதி கனடா படைகள் அந்த இடத்தைப் பிடித்த பிறகுதான் அது எப்போதோ முடங்கிவிட்டது என்று புரிந்தது.

ஜோவும் வில்லியும் கிளம்பியபோது அந்தப் பீரங்கிகள் முடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அஃப்ரோடைட்டி திட்டமே பெரிதாக எதையும் சாதிக்காமல் பின்னால் கைவிடப்பட்டது.

தம்பி தோளுக்கு வந்த சுமை

1945-ல் ஜான் அண்ணனைப் பற்றி நண்பர்கள், உறவினர்கள் எழுதியதைத் தொகுத்துச் சிறு புத்தகமாகத் தனிச்சுற்றுக்கு அச்சிட்டார். அப்பாவால் அதை முழுதாகப் படிக்க முடியவில்லை.

அடுத்த வருடம், 1946. மாசசூசெட்ஸிலிருந்து நாடாளுமன்றத்துக்கு ஜான் போட்டியிட்டு ஜெயித்தார். எழுத்தாளராகவோ பேராசிரியராகவோ போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். ஜெயித்தபோது ஜானுக்கு வயது 29. ஜோ செத்த வயசு. 1960-ல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அண்ணன் இறக்காமல் இருந்திருந்தால் தான் அரசியலுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை என்று ஜானே சொன்னதுண்டு.

கடற்படை, 1945-ல் ஒரு புதிய போர்க்கப்பலுக்கு ஜோவின் பெயரை வைத்தது. இன்னொரு தம்பி ராபர்ட் அதில் சாதாரண மாலுமியாகச் சில மாதங்கள் வேலை பார்த்தார். 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்து, உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றபோது, கடலில் முற்றுகை போடச் சொன்னவர் அதிபர் ஜான். சோவியத் சரக்கோடு வந்த மாருக்லா என்ற கப்பலை நிறுத்தி ஏறிச் சோதனை போட்டவர்களில், ஜோசப் பி. கென்னடி ஜூனியர் கப்பலின் ஆட்களும் இருந்தார்கள். தம்பியின் உத்தரவு, அண்ணன் பெயரிட்ட கப்பல். இப்போது அது ஃபால் ரிவர் நகரில் மிதக்கும் அருங்காட்சியகம்.

வில்லியின் பெயர் எங்கே?

இதை எழுத ஆரம்பித்தபோது படங்கள் தேடினேன். ஜோவின் படங்கள் வந்துகொண்டே இருந்தன. குழந்தையாக, ஹார்வர்டில், சீருடையில், தம்பியின் தோளில் கை போட்டபடி. வில்லிக்கு ஒன்றிரண்டைத் தாண்டவில்லை. அதே விமானம், அதே நொடி, அதே நேவி கிராஸ் பதக்கம். ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் அவர் துணை விமானி என்ற இரண்டு வார்த்தையில் முடிந்துபோகிறார். எந்தக் கப்பலிலும் அவர் பெயரை நான் பார்க்கவில்லை. அவர் வீட்டிலும் யாரோ வாசல் கதவைத் தட்டியிருப்பார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் மேடிங்லி என்ற இடத்தில் அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. குளத்தை ஒட்டி நீளமான ஒரு வெள்ளைக் கல் சுவர். உடல் கிடைக்காதவர்கள் 5,127 பேரின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கடலில் விழுந்தவர்கள், காற்றில் கரைந்தவர்கள், கிளம்பிப் போய் எந்தத் தகவலும் இல்லாமல் ஆன முழுக் குண்டுவீச்சு விமானக் குழுக்கள். 1944 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாய் மேல் பறந்து காணாமல் போன பிரபல இசைக்கலைஞர் கிளென் மில்லர் பெயரும் உண்டு. ஜோ கென்னடிக்கும் வில்லிக்கும் அங்கே ஒரே அளவு எழுத்து, ஆளுக்கு ஒரு வரி.

மிமோயெக் சுரங்கம் இன்றும் இருக்கிறது. உள்ளே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். வெயில் காலத்திலும் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். அந்தக் குன்றை அழிக்கப் போய்த் திரும்பாத விமானிகளுக்கு அங்கே ஒரு நினைவிடம் வைத்திருக்கிறார்கள்.